மூட்டை தூக்குவது உடற்பயிற்சி அல்ல

"மில்லுல மூட்டை தூக்குறவனுக்கு என்னவே நோய் வரப்போகுது? உடம்பப் பாரும், உருக்கு மாதிரி இருக்கு. சுகர், பிரஷர் எல்லாம் உக்காந்து திங்கிற நமக்குத்தான்."

செங்கோட்டையிலிருந்து புளியறை போகிற வழியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பேசுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் பேசுவதில்லை. உழைப்பின் மேல் உள்ள மரியாதையில்தான் பேசுகிறார்கள். "உழைச்ச உடம்பு கெடாது" என்பதை நம் பாட்டன் பூட்டன் சொன்ன சொல்லாகவே நினைக்கிறோம். டாக்டர்கள் தினமும் நடக்கச் சொல்கிறார்கள், பணம் கட்டி ஜிம்முக்குப் போகிறோம். அதே வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர் கொடுத்துவைத்தவர் என்று ஒரு கணக்கும் போட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கு தவறு. இந்தத் தவறான கணக்கை நம்புவதால் நெல் மில்லில் சுமக்கிறவரின் முதுகும் மூச்சும் முழங்காலும் கெடுவது யார் கண்ணிலும் படாமல் போகிறது. மரியாதையாகத் தோன்றும் இந்தப் பேச்சு நடைமுறையில் அவரைக் கைகழுவுவதற்கான சாக்காகிவிடுகிறது. அதனால்தான் இதை மறுத்து எழுதுகிறேன்.

முதலில் "உடம்பப் பாரும்" என்ற வாதம். இன்றைக்கு மில்லுக்குள் நின்று பார்த்தால் திடகாத்திரமான ஆட்கள்தான் தெரிவார்கள், உண்மை. முடியாமல் போனவர்தான் அங்கே இல்லையே! இடுப்பு பிடித்துக்கொண்டவர் போன வருடமே நின்றுவிட்டார். குடல் இறங்கியவர் ஆபரேஷனுக்குப் பிறகு ஆடு மேய்க்கப் போய்விட்டார். மூச்சு வாங்குகிறவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். நோய் வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு மிஞ்சியவரைக் காட்டி "பார், நோயே இல்லை" என்பது எப்படிச் சரியாகும்? தொழில்நோய் மருத்துவத்தில் இந்தக் கண்மயக்கத்துக்குத் தனிப் பெயரே உண்டு. 'ஆரோக்கியத் தொழிலாளி விளைவு' என்பார்கள். எந்த நெல் மில்லிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். பத்து வருடத்துக்கு முன் இங்கே மூட்டை சுமந்தவர்கள் இப்போது எங்கே?

அடுத்து அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தரையில் கிடக்கும் மூட்டையை ஒருவர் குனிந்து தூக்கும்போது முதுகெலும்பு ஒரு துலாக்கோல் மாதிரி வேலை செய்கிறது. முதுகுத் தசை எலும்புக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கையிலிருக்கும் சுமையோ நாற்பது சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அதனால் சுமையைப் போல் எட்டு மடங்கு விசையைத் தசை இழுத்தாக வேண்டும். 50 கிலோ மூட்டையை இருவர் இரண்டு முனையிலும் பிடித்துத்தான் இன்னொருவர் தலையிலோ முதுகிலோ ஏற்றிவிடுகிறார்கள். ஆளுக்கு 25 கிலோ என்றாலும் தசையின் இழுவை 200 கிலோ ஆகிறது. குனிந்து நிற்கும் மேல்உடம்பின் பாரமும் சேர்ந்து இடுப்புக்குமேல் உள்ள கடைசி வட்டுகளின் தலையில் விடிகிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அந்த இடத்தில் தாங்கத்தக்க அழுத்தம் என்று சொல்வது ஏறக்குறைய 350 கிலோ எடைக்குச் சமம். நம் ஆள் ஒவ்வொரு மூட்டைக்கும் அந்த எல்லையைத் தொட்டுவிட்டு வருகிறார்.

அதே நிறுவனம் தூக்குவதற்கு ஏற்ற எடை என்று சொல்வது 23 கிலோ. அதுவும் இடுப்பு உயரத்திலிருந்து, உடம்போடு ஒட்டி, திரும்பாமல் முறுக்காமல், எப்போதாவது ஒருமுறை தூக்கினால்தான். நெல் மில்லில் இதில் ஒன்றுகூட நடக்காது. தரையிலிருந்து எடுக்கவேண்டும், தலைக்குமேல் போகவேண்டும், அட்டியில் போடும்போது உடம்பை முறுக்கவேண்டும். லாரிக்குச் சாய்த்துவைத்த பலகையில் சுமையோடு ஏறவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 மூட்டை ஏற்றுகிற ஒரு லாரிக்கு 20 டன். எட்டுப் பேர் ஏற்றினால் ஆளுக்கு இரண்டரை டன். ஒரே நாளில் மூன்று லாரி வந்தால் ஏழரை டன். இத்தனையும் ஒரு மனிதரின் கழுத்தின் வழியாகவும் இரண்டு முழங்காலின் வழியாகவும் கடந்து போகிறது. இதையா உடற்பயிற்சி என்கிறோம்?

"பழகிப்போச்சு" என்பார்கள். பழகுவது தசை. எடை தூக்கத் தூக்கத் தசை பெருக்கும், உள்ளங்கைத் தோல் காய்த்துப்போகும். வளர்ந்த மனிதனின் முதுகெலும்பு வட்டுக்குள்ளோ ரத்தக்குழாய் இல்லை. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வரும் சத்தை வைத்துத்தான் அது உயிர்வாழ்கிறது. கிழிந்தால் ஆறுவதும் அரிது. ஆகவே மேலே உருக்கு மாதிரி தசை ஏறிக்கொண்டே இருக்கும்போது, உள்ளே வட்டு வற்றிக்கொண்டே வரலாம். பார்க்கிறவர் தசையைப் பார்க்கிறார். வலி வட்டிலிருந்து வருகிறது.

உடல் உழைப்பு இதயத்துக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்பார்கள் படித்தவர்கள். இருக்கிறது. 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டைத்தளப் பேருந்துகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள்முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. உடற்பயிற்சி பற்றி இன்றைக்கு நமக்குச் சொல்லப்படும் பல அறிவுரைகளுக்கு அடிவேர் அந்த ஆய்வுதான். ஆனால் அந்தக் கண்டக்டர் தோளில் தொங்கியது டிக்கெட் பை, நெல் மூட்டை அல்ல. படியேறி இறங்கி, நின்று, டிக்கெட் கொடுத்து, மறுபடி ஏறும் உழைப்பு வேறு, சுமையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் உழைப்பு வேறு.

அந்த வேறுபாட்டைப் பிற்பாடு வந்த ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பது ஆயுளைக் கூட்டுகிறது, வேலையில் உடம்பை வருத்துவது அப்படிக் கூட்டுவதில்லை என்ற முரணுக்கு 'உடலுழைப்பின் புதிர்' என்பதுபோல் பெயரும் வைத்தார்கள். 2018இல் 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறக்குறைய 1,94,000 பேரின் தரவுகளை வைத்து ஒரு கணக்கு வெளியானது. வேலையில் கடுமையாக உடலை வருத்தும் ஆண்கள், அப்படி வருத்தாத ஆண்களைவிட, முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல் என்றது அது. மாறான முடிவும் உண்டு. 2021இல் நார்வே நாட்டு ஆண்களை வைத்து வந்த ஆய்வு, உழைப்பு ஆயுளைக் கூட்டுவதாகவே சொன்னது. அதை மறைக்கவேண்டியதில்லை. நார்வேக்காரருக்கு வேலைநேரத்துக்கு வரம்பு உண்டு, நோய்க்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, சுமக்கக் கருவி உண்டு. அவருக்குப் பொருந்தும் முடிவைக் கொண்டுவந்து, மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நம் ஊர் லோடுமேன் தலையில் ஏற்றமுடியாது.

காரணம் நமக்கே விளங்கக்கூடியதுதான். ஜிம்மில் அரைமணி நேரம் இதயம் வேகமாக அடிக்கிறது, பிறகு ஓய்வு. களைத்தால் நிறுத்தலாம். சுமைவேலையில் எட்டு மணி நேரமும் இதயத் துடிப்பு உயர்ந்தே இருக்கிறது. மூச்சை அடக்கித் தூக்கும் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் மேலே பாய்கிறது. எப்போது நிறுத்துவது என்பது தூக்குகிறவர் கையில் இல்லை. கிளம்பவேண்டிய லாரியின் அவசரம்தான் அதைத் தீர்மானிக்கிறது. மூட்டைக் கணக்கில் கூலி என்பதால் ஓய்வு எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் சட்டைப்பையிலிருந்து போகிறது.

சுமையோடு விஷயம் முடிவதில்லை, தூசியும் இருக்கிறது. நெல்லைக் குழியில் கொட்டும்போதும், சலிக்கும்போதும், உமி அறையைக் காலி செய்யும்போதும் எழும் தூசியை மில்லுக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "வெறும் நெல்லுத் தூசிதானே, சோத்துல இருக்கிறதுதானே" என்பார்கள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் பொருள். உமியின் சொரசொரப்பே அதிலிருந்துதான் வருகிறது. ஈரம் பட்ட நெல்லில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மூக்கில் கட்டும் துண்டு பெரிய தூசியைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூசி துண்டின் இழைகளுக்கு நடுவே நுழைந்து போய்விடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் அதில் தனி அத்தியாயமே கொடுத்திருக்கிறார். மூச்சுத்திணறலும் உடல் நலிவும் அவர்களிடம் சகஜம் என்று பதிவுசெய்தார். 1984இல் மலேசிய ஆய்வாளர்கள், அரிசி ஆலைத் தொழிலாளர்களின் கண், தோல், மூச்சுக்குழாய் எரிச்சல்களையும் எக்ஸ்ரேயில் தெரிந்த நுரையீரல் மாற்றங்களையும் சேர்த்து 'அரிசி ஆலையர் நோய்த்தொகுப்பு' என்றே ஒரு பெயர் வைத்தார்கள். முந்நூறு வருடமாகத் தெரிந்த நோய் நம் டீக்கடைப் பேச்சுக்கு மட்டும் இன்னும் வந்துசேரவில்லை.

களத்தில் நிற்கும் பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காலால் கிண்டி, பலகையால் இழுத்து, கூடையில் அள்ளிச் சுமப்பது பெரும்பாலும் அவர்கள்தான். மேலே வெயில், கீழே கொதிக்கும் சிமெண்டு, பக்கத்தில் உமி எரியும் கொதிகலன். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். வெயிலில் உழைத்துக்கொண்டே தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகம்தான் விலை கொடுக்கும். சாயந்திரம் வலிக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வறண்ட உடம்பில் அந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு இரண்டாவது அடி.

புளியறைப் பக்கத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேகம் இறங்கிச் சாரல் அடிக்கும். அந்தச் சாரலுக்காகத்தான் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வருகிறது. களத்தில் காயும் நெல்லுக்கோ அது எமன். வானம் கறுத்ததும் ஓடிக் குவித்துத் தார்ப்பாய் போடவேண்டும், வெயில் எட்டிப்பார்த்தால் மறுபடி விரிக்கவேண்டும். ஒரே நாளில் இது எத்தனை தடவையும் நடக்கலாம். ஈரச் சிமெண்டில் சுமையோடு ஓடி வழுக்கி விழுந்தால் எழுந்திருப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க உரல்ல குத்துனாங்க, அதனாலதான் சுகப்பிரசவம்" என்று இங்கேயும் ஒரு பாட்டு உண்டு. அந்தக் காலத்தில் பிரசவத்தில் செத்துப்போன பெண்கள் எத்தனை பேர் என்று எந்த வீட்டுப் பாட்டியையும் கேட்டுப்பாருங்கள். பேர் சொல்லிச் சொல்லுவாள்.

இதற்குமேல் எதிர்த்தரப்பில் மூன்று வாதங்கள் மிச்சம் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, "குடிக்கிறான், அதனாலதான் உடம்பு போகுது." குடி உடம்பைக் கெடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஏழரை டன் சுமந்த உடம்பு இரவில் எப்படித் தூங்கும் என்று கேட்டால், பல வீடுகளில் குடி எங்கே தொடங்கியது என்பதற்கு விடை கிடைக்கும். மனிதனைக் குடியைக் காட்டிக் குற்றவாளி ஆக்கினால் மூட்டையின் எடையைப் பற்றிப் பேசவேண்டியதில்லை என்பதுதான் இந்த வாதத்தின் வசதி.

இரண்டு, "யாரும் கட்டாயப்படுத்தலியே, விரும்பித்தானே வர்றான்." வேறு வேலை இல்லாத இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு என்ன எடை? அதுகூடப் பல இடங்களில் உண்மையில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்து, முன்பணம் வாங்கிய குற்றத்துக்காகக் குடும்பத்தோடு அடைந்து கிடந்த இருளர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளைத் தமிழ்நாடு பலமுறை படித்திருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

மூன்று, "மெஷின் வந்தா இவன் வேலை போயிரும். மூட்டைய சிறுசாக்கினா மில்லுக்குக் கட்டுபடியாகாது." இதுதான் கொஞ்சம் கனமான வாதம், ஆகவே நின்று பதில் சொல்லவேண்டியதும் இதற்குத்தான்.

மூட்டையின் எடை கடவுள் விதித்தது அல்ல. ஒரு காலத்தில் நெல் மூட்டை 75 கிலோ, அரிசி மூட்டை 100 கிலோ. இப்போது 50க்கு வந்திருக்கிறது. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சிப்பம் 40 கிலோ. ஒவ்வொரு தடவை குறைத்தபோதும் வியாபாரம் நின்றுவிடவில்லை. இன்னும் தெளிவான சாட்சி 2022ஆம் ஆண்டு. அந்த ஜூலை 18ஆம் தேதி முதல், 25 கிலோ வரை பைகளில் அடைத்து விற்கும் அரிசிக்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. கொஞ்ச நாளிலேயே தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ அரிசிப் பை வந்து இறங்கியது. பை மாறியது, அச்சு மாறியது, தையல் மாறியது. வரிக்காக ஒரு கிலோ கூட்டமுடிகிறவர்களுக்கு, மனிதனின் முதுகுக்காக 25 கிலோ குறைக்கமுடியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

பையைப் பாதியாக்கினால் நடை இரட்டிப்பாகும், மூட்டைக்கூலியும் பாதியாகும், லாபம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பையை மட்டும் மாற்றினால் போதாது, கூலிக் கணக்கையும் டன்னுக்கோ நாளுக்கோ மாற்றவேண்டும் என்கிறேன். லாரித் தளத்தின் உயரத்துக்கு ஒரு மேடை, தள்ளுவண்டி, அட்டிக்கு ஏற்றிவிடும் பெல்ட், நெல் கொட்டும் குழிக்கு மேலே தூசி உறிஞ்சும் குழாய். இவற்றில் எதுவும் ஆளை ஒழிப்பதில்லை. ஆளின் முதுகைத்தான் காப்பாற்றுகிறது. நாற்பது வயதில் ஓய்ந்துபோகாமல் ஐம்பத்தெட்டு வரை சம்பாதிக்கவைப்பது வேலையைப் பறிப்பதா, கொடுப்பதா?

சட்டம் இல்லாமலும் இல்லை. காயம் உண்டாக்கக்கூடிய அளவு பாரத்தை யாரையும் தூக்கவைக்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34ஆம் பிரிவில் எழுதிவைத்தது. 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சுமை எடை பற்றி ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. அதோடு வந்த பரிந்துரை ஆண் ஒருவருக்கு 55 கிலோவை உச்சமாகச் சொன்னது. இந்தியா அந்த ஒப்பந்தத்தை 2010இல் ஏற்றுக்கொண்டது. "எங்க மூட்டை 50தானே, சட்டத்துக்குள்ளதானே இருக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த 55 ஒரு மூட்டைக்குச் சொன்ன கணக்கு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது மூட்டை என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தூசியால் வரும் சிலிக்கோசிஸ் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது. சுமையால் போகும் முதுகு அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு நஷ்டஈடு கேட்டு யார் கதவைத் தட்டுவது?

மலைக்கு இந்தப் பக்கம் ஏற்றும் மூட்டை அந்தப் பக்கம் இறங்குகிறது. கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளிக்கு 1978லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன் வழியாக நல வாரியங்களும் வந்தன, அவை தரும் உதவிகளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உதவித்தொகை என்பது உடம்பு போன பிறகு வருவது. உடம்பு போகாமல் பார்ப்பது யார் வேலை? கேரளம் என்றதும் "அங்க வேலையே செய்யாம நோக்குகூலி வாங்குறானே" என்று பதில் வரும். அது அநியாயம்தான், 2018இல் கேரள அரசே அதற்குத் தடை போட்டது. சிலர் செய்த அநியாயத்தைக் காட்டி, எல்லாச் சுமைத் தொழிலாளியின் உரிமையையும் மூடிவைக்கமுடியாது.

புளியறைக்காரர்களுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிப்போகும் லாரிகள் அளவுக்கு மீறி ஏற்றுவதால் சாலை நொறுங்குகிறது என்று தென்காசி மாவட்டமே குரல் எழுப்பியிருக்கிறது. நியாயமான குரல். லாரியின் ஒவ்வொரு அச்சுக்கும் இவ்வளவு டன்தான் என்று சட்டம் இருக்கிறது, மீறினால் அபராதம் இருக்கிறது. தாருக்கும் ஜல்லிக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். எலும்புக்கும் உண்டு என்று ஏற்றுக்கொள்வதில் என்ன தயக்கம்?

நான் கேட்பது இதுதான். மில்லில் கையாளும் மூட்டை எதுவும் 25 கிலோவைத் தாண்டக்கூடாது. கூலி மூட்டைக் கணக்கில் இருக்கக்கூடாது. சுமக்கிறவர், லாரியோடு வருகிறவரானாலும் மில்லோடு இருப்பவரானாலும், அந்த மில்லின் வருகைப் பதிவேட்டில் ஏறவேண்டும். வருடம் ஒருமுறை அவருடைய மூச்சையும் முதுகையும் மருத்துவர் பார்க்கவேண்டும். களத்தில் நிழலும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும். போன முதுகு தொழில்நோய்ப் பட்டியலில் ஏறவேண்டும்.

டீக்கடையில் அந்தப் பேச்சு மறுபடி எழத்தான் செய்யும். பிசான அறுப்பு முடிந்து லாரிகள் வரிசையில் நிற்கும்போது, யாரோ ஒருவர் அட்டியில் ஏறும் ஆளைக் காட்டி "உடம்பப் பாரும்" என்பார். அப்போது அவரிடம் கேட்போம்: "போன பத்து வருசத்துல இதே அட்டியில ஏறுனவங்கள்ல எத்தன பேர் இன்னைக்கு வேலைக்கு வந்திருக்காங்க, எண்ணிச் சொல்லும் பார்ப்போம்."